வேலையை விட்டபின் எதிர்க் கம்பனியில் சேரலாமா? மட்டக்களப்பு, அம்பாறை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காணித் தகராறு, பராமரிப்புப் பணம், வாடகை வீடு என்று வருபவர்களுக்கு நடுவே சில காலமாக இன்னொரு கூட்டமும் என் அறைக்கு வருகிறது. பெரும்பாலும் இளைஞர்கள். கையில் ஒரு நியமனக் கடிதம். அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பந்தி மஞ்சள் மையால் கோடிடப்பட்டிருக்கும். விலகிய நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்கு இலங்கையின் எப்பகுதியிலும் இதே தொழிலில் ஈடுபடமாட்டேன் என்பது அதன் சாரம். போட்டித்தடைப் பந்தி என்பார்கள். லீசிங் கம்பனி, நுண்கடன் நிறுவனம், தனியார் ஆய்வுகூடம், கல்வி நிலையம், மென்பொருள் கம்பனி, அழகுக்கலை நிலையம் என்று எங்கிருந்து வந்தாலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். யாரோ ஒருவர் எங்கோ எழுதியதை ஊரெல்லாம் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். இது பொது விளக்கம். உங்கள் கடிதத்தைப் படிக்காமல் உங்கள் வழக்கின் முடிவை யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பந்தி சட்டப்படி செல்லுமா, செல்லாதா?

“கையெழுத்துப் போட்டால் முடிந்தது” என்று முகாமையாளர் சொல்வார். “அதெல்லாம் சும்மா வெருட்டு” என்று நண்பர் சொல்வார். இருவரும் பாதி சரி.

இலங்கையில் இந்த நிபந்தனையைத் தடைசெய்யும் சட்டமும் இல்லை, இது செல்லும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. பாராளுமன்றம் இதைத் தொடவேயில்லை. ஆகவே நீதிமன்றம் பொதுச்சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன்-டச்சுச் சட்டம். வர்த்தக விடயங்கள் பலவற்றில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் உள்ளே வந்தது. இரண்டும் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: கம்பனிக்குப் பாதுகாக்க வேண்டிய உண்மையான நலன் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான் இந்தத் தடை போகிறதா? பொது நலனுக்கு இது கேடா?

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். இலங்கை முழுவதும், ஐந்து வருடம், எந்த வேலையும் கூடாது என்று மிரட்டும் பந்திதான் நீதிமன்றத்தில் முதலில் சாயும். ஆறு மாதம், இந்தக் கிளையின் எல்லைக்குள், நீங்கள் நேரடியாகக் கையாண்ட வாடிக்கையாளர் என்று அடக்கமாக எழுதிய பந்தியைக் கண்டால்தான் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படிப்பேன்.

நான் வெறும் வெளிக்கள உத்தியோகத்தர். என்னிடம் என்ன இரகசியம் இருக்கிறது?

நூறு வருடத்துக்கு முன்பே இதே கேள்வி இலண்டனில் கேட்கப்பட்டது. மேசன் என்பவர் தவணைப் பணத்துக்குத் துணி விற்கும் கம்பனியில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பவர். இன்றைய லீசிங், காப்புறுதி, நுண்கடன் உத்தியோகத்தரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகினால் மூன்று வருடத்துக்கு இலண்டனிலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள் அதே தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம். 1913இல், அன்று பிரித்தானியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது. அவர் வேலை செய்ததோ நகரின் ஒரு மூலையில்; தடையோ பெருநகரம் முழுவதற்கும். தேவைக்கு மிஞ்சியது என்பதே காரணம்.

ஆங்கிலத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; வழிகாட்டியாக எடுத்துக்காட்டப்படும். ஆனால் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. நீங்கள் ஏறாவூரிலும் செங்கலடியிலும் மட்டும் மோட்டார் சைக்கிளில் திரிந்து வசூலித்தவர் என்றால், அக்கரைப்பற்றில் இன்னொரு கம்பனியில் சேர்வதைத் தடுக்க பழைய கம்பனிக்கு என்ன நியாயம் இருக்கிறது? அக்கரைப்பற்றில் உங்களை யாருக்கும் தெரியாதே.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே செங்கலடியில், அதே கடனாளிகளிடம், அடுத்த மாதமே வேறு கம்பனியின் படிவத்தோடு போய் நின்றால் கதை மாறும். அந்த அறிமுகம் கம்பனியின் செலவில், கம்பனியின் பெயரில் உண்டானது.

சின்ன ஊர் என்பதால் எனக்குச் சாதகமா?

இல்லை, சில வேளை பாதகம்.

இங்கிலாந்தில் டாம்வர்த் என்ற சிறிய நகரம். அங்கே ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பையனாகச் சேர்ந்து முகாமை எழுத்தராக உயர்ந்த ஒருவர், விலகினால் அந்த நகர மண்டபத்திலிருந்து ஏழு மைலுக்குள் அதே தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். கால வரையறையே இல்லை, ஆயுளுக்கும் தடை. 1921இல் பிரபுக்கள் சபை அதைச் செல்லும் என்று தீர்த்தது. வாடிக்கையாளர்கள் அலுவலகத்துக்கு வந்தால் பார்த்தது அவரைத்தான், நம்பியதும் அவரைத்தான். பரப்போ மிகச் சிறியது.

ஏழு மைல் என்பது ஏறத்தாழ 11 கிலோமீற்றர். மட்டக்களப்பு காந்தி பூங்காவிலிருந்து அளந்தால் காத்தான்குடி உள்ளே விழும், கல்முனை வெளியே. எங்கள் ஊர்களில் ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியும். மருந்துக்கடைக்குப் போகிறவர் கடையின் பெயருக்காகப் போவதில்லை; “அந்தத் தம்பி இருக்கிறாரா?” என்று கேட்டுக்கொண்டுதான் போகிறார். அந்தத் தம்பி எதிர்ப் பக்கக் கடைக்கு மாறினால் பாதிப்பு உண்மையானது. ஆகவே சிறிய பரப்பு, குறுகிய காலம், முகத்தை நம்பி ஓடும் தொழில் மூன்றும் சேர்ந்திருந்தால் பந்தியை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆயுள் தடையை இன்றைய நீதிபதி ஒருவர் அதே இலகுவில் ஏற்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் என்றால் ஏற்கக் கூடும்.

கற்றுக்கொண்ட வேலையை மறந்துவிடு என்று சொல்ல முடியுமா?

முடியாது. இந்த விடயத்தில் சட்டம் ஊழியர் பக்கமே உறுதியாக நிற்கிறது. 1916இல் வந்த மற்றொரு தீர்ப்பு: பாரம் தூக்கும் இயந்திரம் செய்யும் கம்பனியின் பொறியியலாளர் ஏழு வருடத்துக்கு ஐக்கிய இராச்சியம் முழுவதும் அந்தத் துறையில் இறங்கக் கூடாது என்று இருந்த நிபந்தனை செல்லாது என்றார்கள். அவருடைய திறமை, அனுபவம், கைப்பழக்கம் அவருடையவை. கம்பனியின் வரைபடங்கள், இரகசியங்கள், வாடிக்கைத் தொடர்புகள் மட்டுமே கம்பனியுடையவை. போட்டியே வேண்டாம் என்பது பாதுகாக்கத்தக்க நலன் அல்ல.

மருதமுனைத் தறியை நினைத்துப் பாருங்கள். பத்து வருடம் ஒருவரிடம் இருந்து கற்ற நெசவு, நெய்தவரின் கையோடு போகும். அதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. ஆனால் அந்த முதலாளி கொழும்பில் யாருக்கு என்ன விலையில் கொடுக்கிறார் என்ற பட்டியல் கையோடு போகக் கூடாது. சம்மாந்துறை அரிசி ஆலையில் முகாமையாளராக இருந்தவருக்கும் இதே கணக்கு: ஆலையை ஓட்டத் தெரிந்தது அவருடையது, மில்லுக்கு நெல் கொடுக்கும் தரகர்களோடு பேசி வைத்த விலை மில்லுடையது.

இந்திய இணையப் பக்கத்தில் “27ஆம் பிரிவின்படி இது முழுக்கச் செல்லாது” என்று படித்தேனே?

தமிழில் தேடினால் அதுதான் முதலில் வரும். அது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அங்கே 27ஆம் பிரிவு தொழில் தடையை ஏறத்தாழ அடியோடு வெட்டிவிடுகிறது; வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், வாங்கியவரோடு போட்டியிடமாட்டேன் என்று ஒப்புக்கொள்வது போன்ற விதிவிலக்கே மிச்சம். அந்தச் சட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டி வரவில்லை. இலங்கையில் அந்தப் பிரிவை எழுதிப் பதில் கடிதம் அனுப்பிய ஒருவரின் பிரதியைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு நல்ல சிரிப்பு கிடைத்திருக்கும்.

அமெரிக்கச் செய்திகளும் இப்படித்தான். கலிபோர்னியாவில் இந்த நிபந்தனை நெடுங்காலமாகச் செல்லாது. நாடு முழுவதும் தடைசெய்ய 2024 ஏப்ரலில் அங்கே கொண்டுவந்த விதி, அமலுக்கு வரும் முன்பே ஓகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. எங்களுக்கு இரண்டாலும் பயனில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துக் கையெழுத்து வாங்கினார்கள். பிரதிபலன் எதுவும் தராததால் செல்லாது என்கிறார்களே?

இதுவும் ஆங்கிலப் பக்கங்களிலிருந்து இறக்குமதியான வாதம். ஆங்கில ஒப்பந்தத்துக்குப் பிரதிபலன் வேண்டும். எங்கள் ரோமன்-டச்சு முறையில் நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். 1918இல், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட இலண்டன் பிரிவி கவுன்சிலே இலங்கை வழக்கொன்றில் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே இந்த ஒரு கயிற்றில் மட்டும் தொங்க வேண்டாம். ஆனால் “கையெழுத்துப் போடாவிட்டால் நாளை வரவேண்டாம்” என்று சொல்லி வாங்கினார்கள் என்றால் அந்தச் சூழ்நிலையைத் திகதியோடு குறித்து வையுங்கள். அது வேறு வாதம், பயனுள்ள வாதம்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில். எனக்கு விளங்கவில்லை. தப்பலாமா?

கையெழுத்திட்டவர் கட்டுப்பட்டவர் என்பதே பொது விதி. மொழி விளங்காதது மட்டும் போதாது. தவறாக விளக்கிச் சொல்லி ஏமாற்றினார்கள் என்றால் பேசலாம்.

வழக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நடந்தால் நடவடிக்கை தமிழில் இருக்கும். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை அதற்கு வழி செய்கிறது. ஆங்கிலப் பந்தி மொழிபெயர்க்கப்பட்டு எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும்போது, அது எவ்வளவு அகலமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது கம்பனிக்கே அப்போதுதான் விளங்கும்.

மீறினால் ஐந்து இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கட்ட வேண்டி வருமா?

எழுதிய தொகையை நீதிமன்றம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாது. அது உண்மையான நட்டத்தின் நேர்மையான முன்மதிப்பீடா, பயமுறுத்துவதற்காகப் போட்ட தண்டமா என்று பார்க்கும். மாதம் நாற்பதாயிரம் சம்பளம் வாங்கிய வரவேற்பாளருக்கும் கிளை முகாமையாளருக்கும் ஒரே ஐந்து இலட்சம் என்று அச்சடித்திருந்தால், அது மதிப்பீடு அல்ல என்பது பார்த்தவுடனேயே தெரியும். தவிர, அடிப்படைத் தடையே நியாயமற்றது என்று விழுந்தால் அதில் ஒட்டியிருக்கும் தொகையும் விழும்.

பயிற்சிக்கான பொண்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பனி உங்களைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பி, காசு செலவழித்துப் பயிற்சி தந்திருந்தால், குறித்த காலம் வேலை செய்யாமல் போனால் செலவைத் திருப்பித் தருவேன் என்ற பொண்ட் செல்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பார்க்க வேண்டியவை இரண்டு: உண்மையில் என்ன செலவு, நீங்கள் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைகிறதா. பழைய ஊழியர் ஒருவர் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்ததற்கு இரண்டு இலட்சம் கேட்டால் அது பயிற்சிச் செலவு அல்ல.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

போட்டித்தடைப் பந்தியை விட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சான்றிதழ் உங்கள் சொத்து. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம், சட்டத்தரணி மூலமாகவும் கேட்கலாம். பெரும்பாலும் இரண்டாவது கடிதத்தோடு வந்துவிடும்.

புரோநோட்டு, அதாவது இவ்வளவு பணம் தருவேன் என்ற எழுத்துறுதி, அப்படியல்ல. பந்தியைக் கொண்டு உங்களுக்கு எதிராக வழக்குப் போட்டால், தடை நியாயமானது, நட்டம் உண்மையானது என்றெல்லாம் பேச வேண்டும். புரோநோட்டைக் கொண்டு போட்டால் அது கடன். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் சுருக்க முறையில் நடத்தலாம். எதிர்வாதம் செய்யவே நீங்கள் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். வெற்றுத்தாளில் இட்ட கையெழுத்து, அதை நிரப்புவதற்குக் கொடுத்த அதிகாரமாகவே 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச்சட்டத்தின் கீழ் முதலில் பார்க்கப்படும். வேலைக்காகத்தான் வாங்கினார்கள், கடன் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் முதுகில் ஏறும். வேலை கிடைக்கும் சந்தோஷத்தில் பேனாவை எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தச் சூழ்நிலையில், எத்தனை தாளில், யார் முன்னிலையில் என்பதை விவரித்து, கடன் எதுவும் பெறவில்லை என்று தெளிவாக எழுதி, விலகும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க் கம்பனிக்குப் போனதால் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் நிறுத்தி வைக்கிறார்கள்.

நிறுத்த உரிமை இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி உங்கள் கணக்குக்குப் போனவை. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் 3 வீதமும் அப்படியே. இவை கம்பனியின் பெட்டகத்தில் இல்லை. போகாமல் இருந்தால் அது வேறு குற்றம். தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. ஐந்து வருடம் பூர்த்தியானவருக்கு, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால், சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம். மோசடி, கையாடல், சொத்துக்குச் சேதம் போன்ற காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டால்தான், அதுவும் நேர்ந்த நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். எதிர்க் கம்பனியில் சேர்ந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

அவர்களே என்னை வெளியேற்றினார்கள். அப்போதும் தடையா?

ஒப்பந்தத்தை முறையின்றி முறித்தவர், அதே ஒப்பந்தத்தின் தடையைக் காட்டி நிற்க முடியாது என்று 1909இலேயே ஆங்கிலத் தீர்ப்பு உண்டு. முன்னறிவித்தல் இன்றி, காரணமின்றி அனுப்பினார்கள் என்றால் உங்கள் கை ஓங்கும். அந்த வேலைநீக்கத்தையே எதிர்க்க வேண்டுமானால் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் அதிகம்.

நான் கல்வி நிலையத்தில் கற்பித்தேன். பிள்ளைகள் என்னோடு வந்துவிட்டார்கள். கல்வி நிலையம் வழக்குப் போடும் என்கிறது.

மட்டக்களப்பில் இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி என்று நினைக்கிறேன். உயர்தர வகுப்பு என்றால் ஆசிரியரின் பெயர்தான் விளம்பரம். கட்டடத்துக்கு யாரும் காசு கட்டுவதில்லை.

முதலில், நீங்கள் ஊழியரா, வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்திய சுதந்திர ஆசிரியரா என்று பாருங்கள். பங்கு முறை என்றால் “ஊழியர்” என்று தொடங்கும் பந்தியெல்லாம் பொருந்துமா என்பதே கேள்வி.

அடுத்து, பிள்ளைகள் யாருடைய சொத்தும் அல்லர். நீங்கள் அழைக்காமல், பெற்றோர் தாமாகத் தேடி வந்தால் அதைத் தடுப்பது கடினம். ஆனால் கல்வி நிலையத்தின் வட்ஸ்அப் குழுவிலிருந்து எண்களை எடுத்து, “அடுத்த வாரம் முதல் வகுப்பு நமது புதிய இடத்தில்” என்று செய்தி போட்டிருந்தால் அது வேறு. மாணவரை அழைத்துச் செல்லமாட்டேன் என்ற பந்தி, கற்பிக்கவே மாட்டேன் என்ற பந்தியை விட மிகக் குறுகியது, ஆகவே வலுவானது. ஒரு பிழைப்பையே மூடாமல் ஒரு பட்டியலை மட்டும் காப்பதால் நீதிமன்றம் அதை ஏற்கத் தயங்காது.

மூன்றாவது, கையேடுகள். ஊழியராக இருந்து, வேலையின் பகுதியாக எழுதிய கையேட்டின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியுடையது என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் சொல்கிறது. உங்கள் கையெழுத்தில் இருந்தாலும் அதே. ஆகவே புதிதாக எழுதுங்கள். நல்ல ஆசிரியருக்கு அது பெரிய வேலை இல்லை.

பந்தி எதிலும் நான் கையெழுத்திடவில்லை. அப்படியானால் எதையும் எடுத்துச் செல்லலாமா?

கூடாது. வெளியிடப்படாத தகவலை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவதை அதே புலமைச்சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு முறையற்ற போட்டி என்கிறது. விலை நிர்ணயக் கணக்கு, மென்பொருள் மூலக்குறி, வாடிக்கையாளர் தரவு எல்லாம் அதில் அடங்கலாம். விலகுவதற்கு முன்தின இரவு உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிய கோப்புகள்தான் இவ்வகை வழக்குகளின் உயிர். மென்பொருள் துறைத் தம்பிகள் இதை இரண்டு முறை படிக்கவும்.

தொழில் செய்யும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறதே. அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?

14ஆவது உறுப்புரையில் சட்டபூர்வமான எத்தொழிலிலும் ஈடுபடும் சுதந்திரம் உண்டு. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான். தனியார் கம்பனிக்கு எதிராகப் போட முடியாது. பொது நலன் எது என்று பேசும்போது அந்த உறுப்புரையை மேற்கோள் காட்டலாம், அவ்வளவுதான்.

பாசிக்குடா, அறுகம்குடா போன்ற இடங்களில் ஒரு வருடத் தடை சின்ன விடயம்தானே?

மாதத்தில் எண்ணினால் சின்னது. அறுகம்குடாவில் அலைச்சறுக்கல் கற்பிக்கும் இளைஞருக்கு சீசன் வருடத்தில் சில மாதங்களே. அதை இழந்தால் முழு வருட வருமானமும் போகிறது. நியாயத்தை அளக்கும்போது காலண்டரை மட்டும் பார்க்காமல் அந்தத் தொழிலின் பருவத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். சட்டத்தரணிகளே இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வழக்கு எங்கே வரும்? என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதலில் வருவது சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம். 14 நாளுக்குள் வேலையை விட்டு விலகு, இவ்வளவு கட்டு என்று இருக்கும். அது நீதிமன்றக் கட்டளை அல்ல. ஆனால் பதில் போடாமல் விடக் கூடாது.

வழக்கு என்றால், நீங்கள் குடியிருக்கும் இடம், ஒப்பந்தம் செய்த இடம், பிணக்கு எழுந்த இடம் இவற்றில் ஒன்றின் மாவட்ட நீதிமன்றத்தில் வரலாம். புலமைச்சொத்து என்று எழுதிக்கொண்டு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கும் இழுக்கலாம். அங்கே பஸ் செலவே ஒரு தண்டனை. அதற்காகவே சில கம்பனிகள் அப்படிச் செய்கின்றன என்பது என் சந்தேகம்.

உங்களைக் கேட்காமலேயே 14 நாட்களுக்கு மேற்படாத ஒரு தடையுத்தரவைக் கம்பனி முதலில் பெற முடியும். அது நீடிக்கப்படலாம். பிறகு இடைக்காலத் தடையுத்தரவுக்கு இருபக்கமும் பேச வேண்டும்: முதற்தோற்றத்தில் வழக்கு இருக்கிறதா, காசால் ஈடுசெய்ய முடியாத நட்டமா, தடையால் யாருக்கு அதிக இன்னல்? இறுதித் தீர்ப்பு வரும் முன்பே தடைக்காலம் முடிந்துவிடும் என்பதால், உண்மையான போர் இந்தக் கட்டத்திலேயே நடந்து முடிகிறது. நோட்டீஸ் கிடைத்த அன்றே ஆளைப் பாருங்கள். சம்பளச் சீட்டு, செய்த வேலையின் விவரம், குடும்பப் பொறுப்பு எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியில் கொண்டுவர வேண்டும்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதிலும் ஒரு சண்டை உண்டு. ஆங்கில வழக்குகளில் நியாயமானது என்று காட்டும் பாரம் கம்பனிக்கு. நம்மைப் போல ரோமன்-டச்சு வழியில் வந்த தென்னாபிரிக்காவில் 1984 முதல் நியாயமற்றது என்று காட்டும் பாரம் ஊழியருக்கு. எங்கள் சட்டத்தில் இரண்டு நூலும் ஓடுவதால் இருதரப்புச் சட்டத்தரணிகளும் தமக்குத் தோதான நூலை இழுப்பார்கள்.

பந்தி அளவுக்கு மீறியிருந்தால் நீதிபதி குறைத்து எழுதித் தருவாரா?

புதிய ஒப்பந்தம் எழுதித் தருவது நீதிபதியின் வேலை அல்ல. தனியாக வெட்டக்கூடிய சொற்களை வெட்டலாம். 2019இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இரண்டே சொற்களை நீக்கி மீதியைக் காப்பாற்றியது. “ஐந்து வருடம்” என்பதை “ஆறு மாதம்” என்று மாற்றுவது வெட்டல் அல்ல, எழுதல்.

கட்டாரில் வேலை செய்து திரும்பினேன். அங்கே கையெழுத்திட்ட தடை இங்கே தொடருமா?

வளைகுடா நாடுகள் சட்டத்திலேயே எல்லை போட்டிருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் தொழிற்சட்டப்படி அதிகபட்சம் இரண்டு வருடம். காலம், இடம், வேலை வகை மூன்றும் குறிப்பாக இருக்க வேண்டும். கட்டாரில் 2020 திருத்தத்துக்குப் பின் ஒரு வருடம். தோஹா கம்பனியின் போட்டியாளர் ஓட்டமாவடியில் இருக்கப் போவதில்லை. நடைமுறையில் இது அங்கேயே வேறு கம்பனிக்கு மாறுபவர்களின் பிரச்சினை.

நான் கடை முதலாளி. ஊழியர்கள் கற்றுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நான் என்ன எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். தேநீர் போடுபவருக்கும் கணக்காளருக்கும் ஒரே தடை என்றால் இரண்டும் கேலியாகிவிடும். வாடிக்கையாளரை அழைத்துச் செல்லாதிருத்தல், இரகசியம் காத்தல் இரண்டையும் தெளிவாகத் தமிழில் எழுதுங்கள். போட்டித்தடை உண்மையில் தேவைப்படுபவர் உங்கள் கடையில் ஒருவர் அல்லது இருவர்தான். அவர்களுக்கு நீண்ட முன்னறிவித்தல் காலம் வைத்து, அந்தக் காலத்தில் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது, இரண்டு வருட மிரட்டலை விட மலிவு. சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டால் சில முதலாளிகளுக்குக் கோபம் வருகிறது.

ஆளை எடுக்கும் புதிய கம்பனிக்கும் ஆபத்து உண்டா?

தடை இருப்பதை அறிந்தே மீறத் தூண்டினால் அவர்களும் பிரதிவாதி ஆகலாம். நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை மாறி எட்டு மாதம். பழைய கம்பனி ஒன்றும் செய்யவில்லை. இனி நிம்மதியா?

தடையுத்தரவைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஆம். தெரிந்தும் மாதக்கணக்கில் கைகட்டி இருந்தவர், இப்போது அவசரம், ஈடுசெய்ய முடியாத நட்டம் என்று சொன்னால் நீதிபதி நம்பமாட்டார். நட்டஈட்டு வழக்கு வேறு. எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம் ஆறு வருடம் தருகிறது. நியமனக் கடிதம், விலகல் கடிதம், அதை ஏற்ற கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு நான்கையும் ஒரு கோப்பில் போட்டு அவ்வளவு காலமும் வீட்டில் வைத்திருங்கள்.